விருந்துக் காட்சி

ஒரு படத்தின் திருமண விருந்துக் காட்சிக்காக, கூட்டத்தில் நடிக்கும் துணை நடிகர்களான எங்களை நேற்றுக் காலை 6 மணிக்கே வடபழனியிலிருந்து வேனில் அழைத்துச் சென்றார்கள். இலையில் சாம்பார் ஆறி ஆடை படர்ந்த பிறகும், முதல் டேக்கில் நாயகனின் எந்த வசனத்தின்போது அப்பளத்தை நொறுக்கினேனோ, அதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நொறுக்க வேண்டியிருந்தது. இல்லையெனில் கன்டினியூட்டி, அதாவது காட்சியின் தொடர்ச்சி, குலைந்துவிடும். அவருடைய குரல் நேரடியாகப் பதிவானதால், பந்தியிலிருந்த நாங்கள் 50 பேரும் சத்தமே எழாமல் உதடசைத்துப் பேசினோம், சிரித்தோம். இதுவும் நடிப்புத்தான் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். 'காந்தி' படத்தின் இறுதி ஊர்வலக் காட்சிக்காக 1981-இல் டெல்லியில் திரண்ட 3 லட்சம் பேர் இல்லாமல் அந்தத் துயரத்துக்குக் கனம் ஏது?

உடை மாற்ற ஓர் அறை கேட்டோம், கிடைக்கவில்லை. பெண்கள் நாங்கள் முறைவைத்துச் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வேனுக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டோம்.