‘அப்புறம் பார்க்கலாம்’ வரிகள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

கோடில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று கமென்ட் எழுதிப் பாதியில் விட்ட வேலைகளைக் கணக்கெடுக்கும் வேலை இன்று தொடங்கியது. ஃபைல்களில் சொல் தேடும் கிரெப் கமாண்டை அப்படியே போட்டால் வெளி லைப்ரரி ஃபோல்டர்களும் சேர்ந்து வந்து குவியும். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டின் ‘கிட் கிரெப்’ அதன் கணக்கில் உள்ள ஃபைல்களை மட்டும் பார்க்கும், அதனால் அதுதான் சரி. வரி எண்ணுக்கு ‘-என்’, முழுச் சொல்லுக்கு ‘-டபிள்யூ’. தேட வேண்டியவை கமென்ட்களில் இடும் குறிச்சொற்கள்: டூடூ, ஃபிக்ஸ்மீ, ஹேக், மூன்று எக்ஸ். ‘-டபிள்யூ’வை விட்டுவிட்டால் ‘டூடூ_லிஸ்ட்’ மாதிரியான வேரியபிள் பெயர்களும் பட்டியலில் ஏறி எண்ணிக்கையைக் கெடுக்கும்.

எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதற்குப் பொது விதி கிடையாது. பைத்தானில் இந்தக் குறிச்சொற்களை முறைப்படுத்த 2005-ல் பெப் 350 என்ற முன்மொழிவு வந்தது, ஏற்கப்படவில்லை. ஆகவே டீம்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு சொல் போதும். ஃபிக்ஸ்மீ என்றால் இப்போதே தப்பாக ஓடுகிறது. டூடூ என்றால் ஓடுவது சரி, வேலை மிச்சம் இருக்கிறது. மற்ற இரண்டையும் இந்த இரண்டில் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது.

மார்ச் 4, செவ்வாய்

ஒவ்வொரு குறிப்புக்கும் வயது பார்க்க வேண்டும். ‘கிட் பிளேம்’ காட்டும் தேதியை அப்படியே நம்பக் கூடாது. அது அந்த வரியைக் கடைசியாகத் தொட்ட கமிட்டைத்தான் (பதிவான மாற்றத்தை) காட்டும். கோடின் அமைப்பை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் ஒரு தடவை ஓடியிருந்தால் ஐந்து வருடப் பழைய குறிப்பும் போன மாதம் பிறந்தது போலத் தெரியும். உள்தள்ளல் மட்டும் மாறியிருந்தால் பிளேமில் ‘-டபிள்யூ’ போட்டால் சரியாகிவிடும். அதற்கு மேல் மாறியிருந்தால் ஃபார்மேட்டர் கமிட்டுகளின் ஹாஷ்களை (அடையாளக் குறிகளை) ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ செட்டிங்கில் அந்த ஃபைலைக் கொடுக்க வேண்டும். கிட் 2.23-லிருந்து இந்த வசதி உண்டு. ஹாஷை முழுசாக எழுத வேண்டும், சுருக்கியது செல்லாது. இந்த செட்டிங்கை குளோபலாக வைத்தால், அந்த ஃபைல் இல்லாத ரெப்போவில் (கிட் களஞ்சியத்தில்) பிளேம் எரர் கொடுத்து நின்றுவிடும். ரெப்போவுக்குள் மட்டும் வையுங்கள்.

பிறந்த நாள் துல்லியமாக வேண்டுமென்றால் ‘கிட் லாக்’கில் பெரிய எஸ்ஸும் ‘--ரிவர்ஸ்’ஸும் போடுங்கள்; தேடும் சொற்கள் சேர்ந்த, நீங்கிய கமிட்டுகள் பழையதிலிருந்து வரிசையாக வரும். தேட வேண்டியது டூடூ என்ற சொல்லை அல்ல, குறிப்பில் வேறெங்கும் வராத மூன்று நான்கு சொற்களை.

மார்ச் 6, வியாழன்

எல்லாவற்றையும் டிக்கெட் (வேலைப் பட்டியலில் எண்ணிட்ட பதிவு) ஆக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கோடில் கிடந்த குப்பை டிக்கெட் பட்டியலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலையா, இன்றே முடியுங்கள். காரணம் செத்துப்போனதா, அழியுங்கள்; கிட் ஹிஸ்டரியில் அது பத்திரமாக இருக்கும். மிஞ்சுவதுதான் டிக்கெட்.

அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி:

// டூடூ: இதை அப்புறம் சரிபண்ணணும்

எது ‘இது’? எப்போது ‘அப்புறம்’? எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் இந்த வரியைத் தொடவும் பயம், அழிக்கவும் பயம். அதே இடத்தில் இப்படி இருந்தால்:

// டூடூ #482: பழைய ஏபிஐக்கு வரும் கடைசி கிளையன்ட் நின்றதும் இந்த இஃப்-ஐயும் கீழே உள்ள பார்ஸ் ஃபங்ஷனையும் நீக்கு

எந்த நிலை வந்தால், எதை நீக்க வேண்டும் என்று இதில் இருக்கிறது. புதிதாக வந்தவரும் துணிந்து கை வைக்கலாம். ஆள் பெயரை விட டிக்கெட் எண் மேல். ஆள் மாறுவார், எண் மாறாது.

மார்ச் 11, செவ்வாய்

பழையதைக் கழிக்கும்போதே புதியது சேராமல் வாசலில் தடுக்க வேண்டும். முழு ரெப்போவையும் சோதித்தால் முதல் நாளே எல்லோருடைய பில்டும் தோற்றுச் சிவக்கும். மறுநாள் அந்தச் சோதனையையே யாராவது எடுத்துவிடுவார்கள். டிஃபில் (எது மாறியது என்று காட்டும் பட்டியலில்) புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் பாருங்கள். ‘-யூ0’ கொடுத்தால் சுற்றியுள்ள வரிகள் வராது. ஒற்றை கூட்டல் குறியில் தொடங்கும் வரியில் டூடூ இருந்து, டிக்கெட் எண் இல்லையென்றால் நிறுத்து. மூன்று கூட்டல் குறியோடு வரும் ஃபைல் பெயர் வரியை விலக்க மறக்க வேண்டாம்.

கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக் மட்டும் போதாது. ரெப்போவை குளோன் (பிரதி) செய்யும்போது அது கூடவே வராது. ‘--நோ-வெரிஃபை’ போட்டுத் தாண்டவும் முடியும். அதே சோதனை, சர்வரில் தானாக ஓடும் சிஐயிலும் ஓடட்டும். அங்கே மெயின் பிராஞ்சோடு மூன்று புள்ளி டிஃப் (பிரிந்த இடத்திலிருந்து நம் பிராஞ்சில் வந்த மாற்றங்கள் மட்டும்) எடுக்க வேண்டும். சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்கவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும் என்பதால், பொது மூதாதை கமிட் கிடைக்காமல் டிஃப் தோற்கும். ஃபெட்ச்-டெப்த் 0 வைத்தால் சரியாகும்.

மார்ச் 14, வெள்ளி

கமென்ட்டை விட கம்பைலரும் டெஸ்ட்டும் நல்ல காவல். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில், தெரிந்த பிழைக்கு ஒரு டெஸ்ட் எழுதி ‘எக்ஸ்ஃபெயில்’ (தோற்கும் என்று எதிர்பார்க்கும் குறி) போட்டு, ‘ஸ்ட்ரிக்ட்’டை ட்ரூ ஆக்குங்கள். யாராவது பிழையைத் தீர்த்த அன்றே அந்த டெஸ்ட் தோற்று, ‘குறியை எடு’ என்று சொல்லும். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கடந்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் மொழியின் 3.9-ல் வந்த ‘டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர்’ இதே வகை: அடுத்த வரியில் எரர் இல்லையென்றால் அதுவே எரர் ஆகும். எரரை மறைக்கும் ‘டிஎஸ்-இக்னோர்’ காலத்துக்கும் வாய் திறக்காது. ரஸ்ட் மொழியின் ‘டூடூ!’ மேக்ரோ கம்பைல் ஆகும், ஓடும்போது பேனிக் ஆகி நின்றுவிடும். ரஸ்ட் கோடைச் சோதிக்கும் கிளிப்பியில் இதற்கான லின்ட் (எச்சரிக்கை விதி) தானாக ஓடாது, நாம்தான் போட வேண்டும்.

மார்ச் 19, புதன்

குறிப்புகளுக்குக் கெடு தேதி வைக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம். அந்தத் தேதியில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பில்டு உடையும். பழைய ரிலீஸுக்கு அவசரப் பேட்ச் போட நேர்ந்தால் அதுவும் உடையும். தேதிக்குப் பதில் வெர்ஷன் நிபந்தனை நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் இஎஸ்லின்ட்டின் யூனிகார்ன் ப்ளகினில் உள்ள ‘எக்ஸ்பைரிங் டூடூ’ விதி, குறிப்பிட்ட பேக்கேஜ் இந்த வெர்ஷனைத் தொட்டதும் எச்சரிக்கை எழுப்பு என்று எழுத விடுகிறது. அப்கிரேட் செய்பவரின் கையிலேயே அது எரியும். அந்த இடத்தைத் திறந்து வைத்திருப்பவரும் அவர்தான்.