கைக்குழந்தையோடு கட்டிய கல்வீடு

2007 மார்ச்சில் போரினால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மீளக் குடியேறியபோது வளவில் கிணறும் தென்னைகளும்தான் மிஞ்சியிருந்தன. அங்கே போட்ட தகரக் கொட்டிலிலேயே என் கலியாணம் நடந்தது. 2012இல் மூத்த மகளும் அதே கொட்டிலில்தான் ஏணையில் கிடந்தாள். அடுத்த வருடம் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. ஐந்தரை லட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இட்டு, வீட்டைப் பயனாளியே நின்று கட்டுவிக்கும் ஏற்பாடு அது. அதனால் மேசனைப் பிடிப்பது முதல் சீமெந்துக் கல்லுக்குத் தண்ணீர் விடுவது வரை வளவில் இருப்பவரின் பொறுப்பாகியது. கணவர் வயல் வட்டையில் கூலி வேலைக்குப் போய்விட, வளவில் இருந்தவள் நான்.

முதலில் காணிப் பத்திரம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும் வழக்கம் இருந்தாலும், அரச காணிக்கான உத்தரவுப் பத்திரம் அம்மாவின் பெயரில்தான் இருந்தது. வளவில் ஒரு துண்டை எனக்குத் தருவதாக அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் ஏறி இறங்கியதில் சில மாதங்கள் போயின.

அத்திவாரம் வெட்டியதிலிருந்து என் நாள் சீமெந்தின் கணக்கில் ஓடத் தொடங்கியது. விடியுமுன் எழுந்து கிணற்றில் அள்ளி, முந்தின நாள் அச்சில் அரிந்து அடுக்கிய கல்லுக்கும் கட்டிய சுவருக்கும் தண்ணீர் விட வேண்டும். "புள்ள, காலையிலயும் பின்னேரமும் தண்ணி விடணும், காஞ்சா சீமெந்து பிடிக்காது" என்று மேசன் மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு கிழமையாவது ஈரம் காயாமல் இருந்தால்தான் கல் இறுகும். அது கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் காலம். ஊற்றிய தண்ணீர் அரைமணிக்குள் சுவரில் வெள்ளை பூத்துக் காய்ந்துவிடும். கிணற்றிலோ வாளி அடியைத் தட்டும். மகளைக் குளிப்பாட்டிய தண்ணீரைக்கூட வாளியில் பிடித்து அத்திவாரக் கரையில் ஊற்றினேன். அதற்கிடையில் மேசனுக்கும் கையாளுக்கும் தேநீர், மத்தியானச் சோறு, மகளுக்குத் திரிபோஷா சத்துமா உருண்டை. சீமெந்துத் தூசு படாமல் ஏணையை வேம்பின் கீழே மாற்றிக் கட்டி, அவள் உறங்கும் நேரத்தில்தான் உலை வைப்பேன். கிளினிக் நாளில் அம்மா வந்து வளவில் நிற்பார். நிறை குறைந்துவிட்டது என்று குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டில் குறித்த மாதம் இரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒரு கட்டம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த காசு வரும். அதுவரை மேசன் வேறு வீட்டு வேலைக்குப் போய்விடுவார். திரும்ப அவரைப் பிடிப்பதே பெரும்பாடு. சீமெந்து லொறி அப்போது வலையிறவுப் பாலத்தால் சுற்றித்தான் வந்தது. நகருக்குப் போவதென்றால் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்முனைத் துறையில், வாவியைக் கடக்கும் மிதவையான பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகே அந்த அலைச்சல் ஓய்ந்தது. வங்கிக்குப் போய் மத்தியானத்துக்குள் திரும்பி, மகளுக்கு நேரத்துக்குச் சோறு ஊட்ட முடிந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

நிலை வைத்த நாளை மட்டும் நிதானமாக நினைக்கிறேன். ஓடாவியார் நிலையை நிமிர்த்திப் பிடிக்க, அம்மா மஞ்சள் பூசிய துணியில் நாணயம் முடிந்து கட்டினார். மாவிலையும் வேப்பிலையும் செருகி, தேங்காய் உடைத்தோம். அதன் பின்னர், கதவு யன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம்வரை வேலை தடையின்றிப் போனது.

பொருள் விலையும் கூலியும் ஏறியதால் கூரைக்கு வரும்போது கையில் காசு தீர்ந்துவிட்டது. தாலிக்கொடியைத் தவிர்த்து, காப்பையும் தோட்டையும் அடகு வைத்தோம். மாரிக்கு முன் ஓடு ஏற்றியே ஆக வேண்டியிருந்தது. மழை பிடித்தால் மரமும் சுவரும் நனைந்து முந்தைய உழைப்பு வீணாகிவிடும். நெல் மூட்டைகளை எங்கே வைப்பது என்பதும் அப்போதே யோசிக்க வேண்டிய விடயமாயிற்று. எங்கள் பகுதியில் யானை நெல் மணம் பிடித்து வந்து சுவரை உடைப்பது வழமை. ஆகவே பிள்ளை உறங்கும் அறையில் மூட்டை வைப்பதில்லை என்று முடிவெடுத்து, குசினியையும் பின்புறம் தள்ளித் தனியாகப் போட்டோம்.

வீடு கட்டும் திட்டங்களில் மேசன் கூலி, ஓடாவி கூலி, மணல், சீமெந்து எல்லாம் கணக்கில் வருகின்றன. தண்ணீர் அள்ளிய, சமைத்துப் போட்ட, காவல் இருந்த தாயின் உழைப்பு வருவதில்லை. இனி அப்படியொரு திட்டம் வந்தால், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கல் அரிய ஓர் ஆள் கூலியாவது சேர்த்துத் தர வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கடைசிக் கட்டக் காசில் கதவும் யன்னலும் போட்டோம். பெரும்போக அறுவடை முடிந்து காப்பு மீண்டது. தோடு அடுத்த போகம்வரை அடகிலேயே இருந்தது. வெளிச்சுவர்ப் பூச்சு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகே முடிந்தது.