கழற்ற முடியாத லென்ஸ்

என் மச்சினன் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் இரண்டு கேமரா படங்களை அனுப்பி, "மாமா, இதுல எது?" என்று மட்டும் கேட்டிருந்தான். ஒன்று ஃபியூஜியின் எக்ஸ்100விஐ, லென்ஸைக் கழற்றவே முடியாத ரகம். இன்னொன்று கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் சின்ன ஜூம் லென்ஸ்) வரும் சாதாரண மிரர்லெஸ், இதில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். "தினமும் கையில வச்சுக்கிற மாதிரி வேணும், கொழந்தையையும் எடுக்கணும்" என்று மறுநாள் காலையில் விளக்கம் வந்தது. அவனுக்கு அனுப்பிய பதில் ரொம்ப நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் வாங்கியது டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி வைத்த பெரிய ரகக் கேமரா. பாடியும் 18-55 மிமீ கிட் லென்ஸும் (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) சேர்ந்தே முக்கால் கிலோ வரும், அதற்கு மேல் ஒரு 50, தூரத்துக்கு ஒரு டெலி, இதெல்லாம் போக ஒரு தோள்பை. அந்தப் பையைத் தூக்கினால் அது 'போட்டோ எடுக்கப் போகிற நாள்'. பால் வாங்கவோ, மகளைக் கூப்பிடவோ, பீச் ஸ்டேஷன் பக்கம் வேலையாகவோ போகும்போது யார் அதைத் தூக்குவார்கள்? பை பீரோ மேலேயே கிடந்தது. சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றித் தெரிந்திருந்தும் சிலிக்கா ஜெல்லை மாற்றவில்லை, ஒரு ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் டெலிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்ய லென்ஸ் விலையில் பாதி கேட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

அப்புறம்தான் ரிக்கோ ஜிஆர்3 வாங்கினேன். 2019-இல் வந்த மாடல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம், பேன்ட் பாக்கெட்டில் போகும். ஆனால் அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, போனிலும் சின்னக் கேமராக்களிலும் இருப்பது போல் பொடியாக இல்லை, டிஎஸ்எல்ஆரில் இருந்த அதே ஏபிஎஸ்-சி அளவு, 24 மெகாபிக்சல். இவ்வளவு சின்ன உடம்பில் அது எப்படி அடங்குகிறது என்றால், லென்ஸைக் கழற்றத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டதால்தான். மாட்டும் வளையம் வேண்டாம், லென்ஸின் பின்கண்ணாடியைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம், ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரையும் லென்ஸுக்குள்ளேயே வைத்துவிடலாம். லென்ஸுக்குள் இருக்கும் அந்த இலை ஷட்டரின் சத்தம், பக்கத்தில் நிற்பவர் காதில்கூட விழாது.

கொத்தவால்சாவடியில் டிஎஸ்எல்ஆரோடு நின்றபோது டீக்கடைக்காரர் "எந்தப் பேப்பர் சார்?" என்றார். மூட்டை தூக்குபவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போஸ் கொடுத்தார். அதே தெருவில் ரிக்கோவோடு நின்றால் ஒருவரும் திரும்புவதில்லை. அதில் ஸ்நாப் ஃபோகஸ் என்று ஒன்று உண்டு. தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று வைத்துவிட்டு எஃப் 8-இல் (லென்ஸின் திறப்பைச் சின்னதாக்கும் அளவு) பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால், ஃபோகஸ் தேடாமல் உடனே எடுத்துவிடும். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெருமுனை வரை எல்லாம் தெளிவாக இருக்கும். இது ஒன்றுக்காகவே நான் அதை விடமாட்டேன்.

சரி, குறை சொல்ல வேண்டாமா? வ்யூஃபைண்டர் கிடையாது, சித்திரை வெயிலில் திரையில் உன் முகம்தான் தெரியும். ஒரு பேட்டரியில் இருநூறு படம் தேறினால் பெரிய விஷயம். அதைவிடப் பெரியது, 28 மிமீ என்றால் 28 மிமீதான், அகலமான பார்வை, ஜூம் கிடையாது. மகள் பள்ளி ஆண்டு விழாவில் பதினோராவது வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் அவள் மயிலாக ஆடினாள், என் படத்தில் அவள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தாள். 50 மிமீ அளவுக்கு வெட்டிக்கொள்ளும் வசதி கேமராவிலேயே இருக்கிறது, ஆனால் அப்படி வெட்டினால் 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்து சீட்டுக்காரரிடம் போய் அவர் போனில் எடுத்த வீடியோவை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். கழற்ற முடியாத லென்ஸ் என்றால் ஜூம் இல்லை என்று அர்த்தமில்லை. சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாவது மாடல் 24-இலிருந்து 200 வரை போகும், சென்சார்தான் ஏபிஎஸ்-சியைவிடச் சின்னது, '1 இஞ்ச்' என்பது அதன் பெயர் மட்டும்தான். தூசியும் அப்படித்தான். லென்ஸை மாற்றும்போது மட்டும்தான் தூசி உள்ளே நுழையும் என்பார்கள், அது சரியில்லை. வெளியே நீண்டு உள்ளே போகும் லென்ஸ்கள் மெல்ல மெல்லத் தூசியை இழுக்கும், ஒரு துகள் சென்சாரில் ஒட்டிவிட்டால் நீயே ஊதித் தள்ள வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். லென்ஸ் கழலுகிற கேமரா என்றால் ஒரு ரப்பர் புளோயர் போதும்.

அதனால் மச்சினனிடம் உடனே எதையும் வாங்காதே என்றேன். எக்ஸ்100விஐ லட்சத்தைத் தாண்டும் பொருள், 35 மிமீ பார்வை உனக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் அதில் பணம் போடக் கூடாது. என் பழைய டிஎஸ்எல்ஆரைக் கொடுத்து, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 27-இல் வைத்து செலோடேப் ஒட்டிவிட்டேன். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் (மேலே சொன்ன 28, 35 எல்லாம் அந்தக் கணக்குதான்) அது ஏறக்குறைய 40 மிமீ, 35-க்குக் கிட்டத்தில்தான். இரண்டு வாரம் இப்படியே எடு, டேப்பைப் பிரிக்கணும் என்று கை எத்தனை தடவை போகிறது என்று பார். (கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் படங்களின் விவரங்களைப் பாருங்கள், எல்லாம் 18-இலோ 55-இலோ இருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. நடுவில் யாரும் நிற்பதில்லை.)

நேற்று கார்டைக் கொண்டுவந்தான். முதல் ஒன்பது நாள் எல்லாம் 27. குழந்தை தவழ்வது, சமையலறை ஜன்னல், ஷேர் ஆட்டோவில் எதிர் சீட் பாட்டியின் கை என்று நன்றாகவே எடுத்திருக்கிறான், எனக்கே கொஞ்சம் பொறாமை. பத்தாம் நாள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி, சுற்றிலும் அத்தைமார், இவன் அப்பாவாக இருந்தும் மூன்றாவது வரிசைக்குத் தள்ளப்பட்டிருக்கிறான். அங்கேதான் டேப் கிழிந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த முப்பத்துச் சொச்சம் படங்களும் 55. ஒன்றில் பத்தரின் தோளுக்கும் யாரோ ஒருத்தியின் மல்லிகைப் பூவுக்கும் நடுவே குழந்தை வாயைத் திறந்து வீறிடுகிறது, கண்ணோரத்தில் ஒரு துளி இன்னும் விழாமல் நிற்கிறது. 27-இல் எடுத்திருந்தால் பத்தரின் முதுகுதான் வந்திருக்கும்.

லென்ஸ் மாற்றுகிற பாடியையே வாங்கச் சொல்லிவிட்டேன், கூடவே தட்டையான சின்ன லென்ஸ் ஒன்று. ஃபியூஜியின் பழைய 27 மிமீ என்றால் 78 கிராம்தான், செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறான்.