இருக்கைக்கு ஒரு மண்டபம்

ஜனவரி 8, 2019

டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவி, அமைய 30 இலட்சம் கனடிய டொலர் சேர வேண்டும். அதற்காக எங்கள் பழைய மாணவர் சங்கமும் ஓர் இராப்போசனம் வைக்கிறது. மண்டபத்தை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. சேரும் மூலதனத்தில் கைவைக்க மாட்டார்கள், அதன் வருமானத்தில்தான் இருக்கை நடக்கும். நூற்றுக்கு 4 என்று பார்த்தால் ஆண்டுக்கு 120,000 டொலர். கட்டடம் என்றால் படம் மாட்டிக் காட்டலாம். இதை எதைக் கொண்டு காட்டுவது?

ஜனவரி 13

மண்டபத்தை அளந்தேன். 5 அடி வட்ட மேசைக்கு 10 கதிரை போடச் சொன்னார்கள். முழங்கை இடிக்கும், 8 போதும் என்று நின்றேன். மேசைகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டால்தான் சக்கரக் கதிரையில் வரும் ஐயாமார் திரும்பலாம். அப்புறம், வாசலிலேயே கோட்டு மாட்ட இடம். கோட்டை மடியில் வைத்திருப்பவர் எப்போது எழும்பலாம் என்றுதான் பார்ப்பார்.

ஜனவரி 17

ஊர் என்றால் எங்கள் ஆட்களுக்கு வாய் திறக்கும். இலங்கையின் வடக்கு கிழக்கு வரைபடம் ஒன்றைப் பெரிதாக மாட்டி, கொடுப்பவர்கள் தங்கள் ஊரில் பெயரை ஒட்டட்டும் என்று நினைத்தேன். உதவிக்கு வந்த அக்கா பார்த்துவிட்டு, "நான் தஞ்சாவூர்க்காரிம்மா, எங்கே ஒட்டுறது?" என்றார். சுருக்கென்றது. தமிழ் இருக்கைக்கு மண்டபம் போடுகிறேன், அவருக்கு இடமில்லை. வரைபடத்தை விட்டுவிட்டேன். நீளக் கயிறு கட்டி, ஊரும் பேரும் எழுதிய அட்டைகளைக் கொழுவுவோம். காசு மேசை அதற்குப் பக்கத்திலேயே. வாசலில் வைத்தால் சுங்கச்சாவடி மாதிரி இருக்கும்.

ஜனவரி 26, நள்ளிரவு

கால் வலிக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை. உரைகள் நடந்தபோது கயிற்றடியில் ஒருவரும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கூடியவர்கள் நகரவே இல்லை. ஒரே ஊர்க்காரர் இருவர் 40 வருடத்துக்குப் பிறகு அங்கேதான் சந்தித்தார்கள். கதைத்து முடித்ததும் இருவரும் சேர்ந்தே காசு மேசைக்கு வந்தார்கள். ஒரு சின்னப்பிள்ளை, தாய் சொல்லிக்கொடுத்த ஊரை விட்டுவிட்டு, 'ஸ்காபரோ' என்று எழுதிக் கொழுவினாள்.

ஜனவரி 27

பிழையும் உண்டு. கயிற்றைச் சமையலறைக் கதவுக்கு அருகில் கட்டிவிட்டேன், வடை கொண்டுவந்த தம்பிமார் பாவம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பின் மேசைகளில் கதைக்கவே முடியவில்லை. அடுத்த முறை மேடையை நீளச் சுவரோடு போட வேண்டும், உரைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். அட்டைகளை ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.