40 டிகிரி அறையில் முதல் 90 நிமிடம்

சூடேற்றிய அறையில் செய்யும் ஹாட் யோகாவுக்கு முதல் முறை போகிறவர்கள் ஆசனங்களை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆசனங்களில் பெரும்பாலானவை தொடக்க நிலைக்காரர்களும் செய்யக்கூடியவை. சிரமம் அறையில்தான். அந்த அறையில் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் எந்த வகுப்பு என்று பாருங்கள். "ஹாட்" என்று பலகை மாட்டிய எல்லா இடமும் ஒன்றல்ல. மூலவடிவம் பிக்ரம் யோகா: மூச்சுப் பயிற்சி இரண்டையும் சேர்த்து 26 பயிற்சிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரண்டு முறை, 90 நிமிடம், ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம். கல்கத்தாவில் யோகா ஆசிரியர் பிஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய வரிசை இது. இந்த வரிசைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கோர முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பாலியல் தொல்லை தொடர்பாக அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த வழக்கில் 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு அவருக்கு எதிராக முடிவு சொன்னது. அதனால் பல ஸ்டூடியோக்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு "ஹாட் 26" மாதிரியான பெயர்களில் அதே வரிசையை நடத்துகின்றன. இன்னொரு வகை, சூடேற்றிய அறையில் நடக்கும் வின்யாசா, அதாவது மூச்சோடு சேர்த்து ஆசனங்களைத் தொடர்ந்து செய்வது. வெப்பம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அசைவு வேகம், இடைவெளி குறைவு. புதியவருக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். ஒவ்வோர் ஆசனத்துக்கும் நடுவில் நிற்க நேரம் கிடைக்கும். 60 நிமிட வகுப்பு இருந்தால் அதையே எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் வெப்பநிலை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, சூடு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டாம்.

மற்ற உடற்பயிற்சியில் தசைக்கு மட்டும் ரத்தம் போனால் போதும். இங்கே உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போக வேண்டும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்கப் பார்க்கிறது, ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. குனிந்து நிமிரும்போது கண் இருட்டுவது இதனால்தான். வியர்வை ஆவியாகும்போது மட்டுமே உடம்பு குளிரும்; சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. காற்றில் ஈரம் கூடக் கூட ஆவியாவது குறையும், உள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிக்ரம் வகுப்பில் சிலருடைய உள் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. காய்ச்சல் வந்தால் மருந்து தேடும் அளவு அது.

எனவே சிலர் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது: கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இன்சுலின் போடுபவர்கள், முன்பு வெப்பத் தாக்கு வந்தவர்கள். நீர் பிரிக்கும் மாத்திரை, பீட்டா பிளாக்கர், லித்தியம், சில ஒவ்வாமை, மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்களும் இதில் சேர்த்தி. வியர்வையையோ இதயத் துடிப்பையோ உடம்பின் நீரளவையோ இவை மாற்றும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணம் என்று நினைக்க வேண்டாம். வெப்பப் பழக்கம் பிறந்த ஊரால் வருவதில்லை. உடம்பு சமீபத்தில் எந்தச் சூட்டில் இருந்ததோ அதைப் பொறுத்தது. பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாள் முழுக்க ஏசியில் இருப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் புதியவர்தான்.

முழுச் சாப்பாடு வகுப்புக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். பசித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு போவதும் தப்பு. தண்ணீரைக் காலையிலிருந்தே பரவலாகக் குடித்துக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரத்துக்கு முன் 400 முதல் 500 மில்லி குடியுங்கள். வாசலில் நின்று ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொண்டால் புஜங்காசனத்தில் வயிறு குலுங்கும்.

உடையில் பருத்தி வேண்டாம். நனைந்தால் கனத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் கலந்த இறுக்கமான உடை நல்லது. அன்றைக்கு உடம்பில் எண்ணெயோ லோஷனோ கூடாது. ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதத்தைப் பிடித்த கை வழுக்கும். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிக்கும். பாயைவிட முக்கியம் அதன்மேல் விரிக்கும் துண்டு. சாதாரண பிவிசி பாய் நனைந்ததும் வழுக்கும். பாய் நீளத்துக்கு மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, முகத்துக்குச் சின்னத் துண்டு ஒன்று. முகத்தைச் சும்மா துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆவியாக வேண்டிய வியர்வையைத் துணியில் எடுத்துவிடுகிறீர்கள். கண், உள்ளங்கை, இரண்டும் போதும்.

20 நிமிடம் முன்னதாகப் போய், முதல் முறை வருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். பின் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடி தெரிகிற இடம் பிடியுங்கள். ஹீட்டர் காற்று அடிக்கும் மூலையும் அகச்சிவப்பு வெப்பப் பலகைக்கு நேர் கீழும் அறையின் சராசரியைவிடச் சூடு.

வகுப்பில் மூச்சு மூக்கு வழியாகவே போகட்டும். வாய் திறந்து இரைக்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டீர்கள். அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் ஆசனத்திலும் இரண்டாவது சுற்றை மட்டும் விட்டாலே முதல் நாள் எளிதாகக் கழியும்.

அதிகம் அடிபடும் இடம் தண்டாயமான ஜானுசீர்ஷாசனம். ஒரு காலில் நின்று, மற்றக் காலின் பாதத்தை இரு கையாலும் கோத்துப் பிடித்து, பிறகு அந்தக் காலை முன்னே நீட்டி, முழங்கையை மடக்கி, நெற்றியை முட்டியில் வைக்க வேண்டும். "லாக் த நீ" (முட்டியைப் பூட்டு) என்று ஆசிரியர் சொன்னதும் பலரும் நிற்கும் காலின் முட்டியைப் பின்னால் தள்ளுகிறார்கள். எடை குதிகாலுக்குப் போகிறது, முட்டியின் பின்பக்கத் தசைநார்கள் தனியாகச் சுமக்கின்றன. சூட்டில் அங்கே வலி சட்டென்று தெரியாது. மறுநாள் மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும். செய்ய வேண்டியது வேறு. தொடையின் முன்தசையை இறுக்குங்கள், முட்டிச்சில்லு மேலே ஏறும். எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் சமமாக இருக்கட்டும். தொடையைத் தொட்டுப் பாருங்கள்: தொளதொளவென்று இருந்தால் தசை வேலை செய்யவில்லை, எலும்பைப் பூட்டி நிற்கிறீர்கள். முதல் வகுப்பில் பாதத்தைப் பிடித்து நிற்பதோடு நிறுத்துங்கள். கால் நீட்டுவது பிறகு வரட்டும்.

இதே எச்சரிக்கை குனியும் எல்லா ஆசனத்துக்கும் பொருந்தும். சூடான தசை சுலபமாக நீளும், வலியின் எச்சரிக்கையும் தாமதமாகும். வீட்டில் தரையைத் தொடாத கை அங்கே தொட்டால் அது வெப்பம் தந்த நீளம்; அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட இழுக்காதீர்கள்.

பாதிக்கு மேல் வரும், முட்டி போட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தில் பலருக்குக் குமட்டும், தலை சுற்றும். முதல் தடவை கையைக் குதிகாலுக்குக் கொண்டுபோகாமல் இடுப்பிலேயே வைத்து நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். திரும்பி வரும்போது தலை கடைசியில் வரட்டும்.

தலை லேசாகச் சுற்றினால் உடனே பாயில் உட்காருங்கள். எழுந்து வேகமாக வெளியே நடந்தால் வழியிலேயே விழக்கூடும். ஆனால் கடும் தலைவலி, வாந்தி, குளிர் நடுக்கம், மயிர்க்கூச்செறிதல், வியர்வை நிற்பது, குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். அறையை விட்டுப் போகக் கூடாது என்று சில இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை மதிக்கத் தேவையில்லை. வெளியே வந்தும் குழப்பம் தெளியாவிட்டால் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

நச்சு வெளியேறுகிறது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வரிசையைச் சூடான அறையிலும் சாதாரண அறையிலும் 12 வாரம் செய்ய வைத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்களின் நலன் இரண்டு குழுவிலும் மேம்பட்டது, வெப்பத்தால் கூடுதல் பலன் தெரியவில்லை. சூடு பிடித்தவர் சூட்டில் செய்யலாம். பிடிக்காதவர் அந்தப் பலனை இழக்கவில்லை.

முடிந்ததும் வியர்வை அடங்கும் வரை உட்கார்ந்து, ஈர உடையை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். டொராண்டோ போன்ற ஊர்களின் குளிர்காலத்தில் இதை மறக்கவே கூடாது. முன்னும் பின்னும் உலர்ந்த உடையில் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. கொழுப்பு என்று மகிழ வேண்டாம். அடுத்த சில மணி நேரத்தில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். ஒரு பங்கு உப்பிட்ட நீர்மோராகவோ ஓஆர்எஸ் கரைசலாகவோ இருக்கட்டும். சிறுநீரக நோயோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் மறுபடி வெளிர் மஞ்சளாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள்.