தங்கச்சிமடத்துப் பவளம்

நேற்று ராத்திரி பத்தரைக்குத்தான் திருச்சி வந்து சேர்ந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை, செருப்பில் ராமேஸ்வரத்து மணல் அப்படியே இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் போனது ஒரு குதிரைக்காக. அது இப்போது இல்லை.

பெயர் பவளம். செவலை நிறத்துப் பெண் குதிரை, நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. 2001 தை அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் திதி கொடுக்க அப்பத்தா எங்களை ராமேஸ்வரம் கூட்டிப்போனபோது, ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்ற குதிரை வண்டிகளில் அவள் வண்டிதான் எங்களுக்கு அமைந்தது. எனக்கு அப்போது பத்து வயது. வண்டிக்காரரை அப்பத்தா "பாய்" என்று கூப்பிட்டதால் நாங்கள் "பாய் மாமா" என்றோம். வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்த வண்டிக்குள் ஆறு பேர். "பெரியம்மா, நீங்க முன்னால தள்ளி உக்காருங்க. பின்னால பாரம் கூடுனா ஏர்க்கால் தூக்கிக்கிரும், புள்ளைக்கு வயித்துல பெல்ட் இறுக்கும்" என்றார். புள்ளை என்று அவர் சொன்னது குதிரையை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அதே வண்டிதான். ராமர் பாதத்துக்கு, லட்சுமண தீர்த்தத்துக்கு, அக்னி தீர்த்தத்துக்கு. லட்சுமண தீர்த்தம் வந்ததும் பாய் மாமா கடிவாளத்தைத் தொடாமலே அவள் தானாக நின்றுவிடுவாள். மெதுவாகத்தான் போவாள், ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். 2013-ல் வண்டியை நிறுத்திவிட்டார். அதன் பிறகும் நான் தனியாக நாலைந்து முறை போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியாகப் போனது 2022 அக்டோபரில். இந்த ஜனவரியில், பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால், பாய் மாமாவின் மகள் போன் செய்து பவளம் போய்விட்டாள் என்று சொன்னார். லீவு கிடைக்க மே கடைசி ஆகிவிட்டது.

ரயிலில் போய்ப் புதுப் பாம்பன் பாலத்தில் கடல் தாண்ட வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திய பிறகு ரெண்டு வருடத்துக்கும் மேல் தீவுக்கு ரயிலே இல்லை. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் பஸ்.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏசி என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் ஏசி நின்றுவிட்டது. ஏசி பஸ் என்பதால் ஜன்னலும் திறக்காது. காரைக்குடி, தேவகோட்டை என்று மே மாத வெயிலில் மூடின டப்பாவுக்குள் வெந்தோம். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தை, அதன் அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். கண்டக்டரிடம் கேட்டால் "ராமநாதபுரத்துல பாத்துக்கலாம்" என்றார். ராமநாதபுரத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மோட்டலில் நிறுத்தினார்கள். ஆறிப்போன ரெண்டு இட்லி 70 ரூபாய், தண்ணீர் பாட்டில் 30. கையில் கட்டுச்சோறு இல்லாமல் இந்தப் பக்கம் கிளம்பாதீர்கள்.

மண்டபம் தாண்டி ரோட்டுப் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீழே புதுப் பாலம், கப்பல் வந்தால் அப்படியே மேலே தூக்கும் நடுப்பகுதியோடு. பக்கத்தில் 1914-ன் பழைய பாலம். வேர்வை எல்லாம் அந்த ரெண்டு நிமிடத்தில் மறந்து போனது, உண்மையாகவே.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் பக்கம் லாட்ஜுக்கு ரெண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு 300 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசினால் "அமாவாசைக் கூட்டம்" என்றார். அன்றைக்கு அமாவாசையே இல்லை, அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது! மொத்தப் பயணத்துக்கு நான் எடுத்து வைத்திருந்தது 4000 ரூபாய். 250-க்கு ஒத்துக்கொண்டு ஏறினால், இறங்கும்போது பைக்கு 50 ரூபாய் தனி என்றார். கொடுத்துவிட்டேன், ஆனால் வயிறு எரிந்தது. ஸ்டேஷன் வாசலில் பாய் மாமா எங்கள் ஆறு பேரையும் மூட்டை முடிச்சோடு ஏற்றியது அப்போது ஞாபகம் வராமல் இருக்குமா? பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

ரூம் சுத்தமாக இருந்தது, போனில் சொன்னதைவிட 200 கூடுதல். அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்துத் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை போனேன். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் மிஞ்சிய சர்ச் சுவரும், 2017-ல் திறந்த நேர் ரோடும், அதன் முடிவில் அமைதியான பெண் கடலும் அலையடிக்கும் ஆண் கடலும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டதால் தெற்குப் பக்கம் அலை சீறிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள், நிழல் என்று ஒன்றும் கிடையாது.

அப்புறம் தங்கச்சிமடம். அதே தீவில்தான், பாய் மாமாவின் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பசி. ரோட்டோரம் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு வீட்டுக்கடை, நாலு பெஞ்சு. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது, மீன் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். "வள்ளத்து மீன் இருக்கு, காலையில வந்தது" என்றார் அந்த அக்கா. வள்ளம் என்றால் நாட்டுப்படகு. தேங்காய் அரைத்து விட்ட ஊளி மீன் குழம்பு, புளி கம்மி, மாங்காய் ரெண்டு துண்டு கிடந்தது. கணவாய் மிளகுப் பிரட்டல் ஒரு சின்ன வட்டாவில். சோறு மூன்று தடவை வாங்கினேன். குழம்பில் மிதந்த எண்ணெய் விரலில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை மணத்தது. எல்லாம் சேர்த்து 160 ரூபாய். மோட்டல் இட்லியை நினைத்துக் கோபம் மறுபடி வந்தது. இந்தத் தீவில் சாப்பிட வேண்டுமென்றால் கோயில் வாசலை விட்டு வெளியே வாருங்கள்.

பாய் மாமா வீடு ரோட்டிலிருந்து உள்ளே அரை கிலோமீட்டர். வழியெல்லாம் மல்லிகை நாற்றங்கால். தமிழ்நாடு முழுக்க மல்லிகை நாற்று இங்கிருந்துதான் போகிறது. பக்கத்து நாற்றங்காலுக்குப் பவளத்தின் லத்திதான் உரம். "அது போனதுலருந்து நாத்து முந்தி மாதிரி இல்ல" என்று அந்தத் தோட்டக்காரர் வழியிலேயே என்னை நிறுத்திச் சொன்னார்.

"வாம்மா திருச்சிப் புள்ள" என்று பாய் மாமா எழுந்து வந்தார். கண் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கொட்டகை காலியாக இருந்தது. அவள் தின்ற தொட்டியை, லாரி டயரை வெட்டிச் செய்தது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கரை முழுக்க மணல். தரையில் போட்டுத் தின்னவிட்டால் குதிரை தீனியோடு மணலையும் விழுங்கும், அது குடலில் தங்கி வயிறு கட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் பவளம் ஒரு நாளும் தரையில் தின்றதில்லை. வாரம் ஒரு தடவை ரெண்டு உருண்டை லத்தியை எடுத்து வாளித் தண்ணீரில் கரைப்பார். கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். நறநறவென்று மணல் தட்டினால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. 2022-ல் நான் போயிருந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். என்னையும் தடவச் சொன்னார். கொழகொழவென்று நார் மட்டும்தான். "நல்லாருக்கு" என்று சிரித்தார்.

அப்போதே அவளுக்குப் பல் போய்விட்டது. கடைவாய்ப் பல் தேய்ந்து வழுவழுவென்று ஆனதால் புல்லை மென்று மென்று பச்சை உருண்டையாகக் கீழே துப்பிவிடுவாள். கண்ணுக்கு மேலே குழி ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற அளவு விழுந்திருந்தது. கண்ணைச் சுற்றி நரை. நான் கழுத்தைத் தடவினால் பாரத்தை மெதுவாக என் தோளில் சாய்ப்பாள். ராத்திரியே கொள்ளு ஊறப்போட்டு, விடியற்காலை வேகவைத்து, தவிடும் கருப்பட்டியும் சேர்த்துக் கையால் மசித்துக் கொடுப்பார். கொள்ளுக்கு வாயைத் திறக்கும், கடிவாளத்துக்கு மூடும் என்பார்களே, இவள் கடைசிவரை ரெண்டுக்கும் திறந்தாள். வண்டி நிறுத்தி இத்தனை வருடம் கழித்தும் அவர் சும்மா கையை நீட்டினால் கடிவாளம் மாட்டத் தலையைக் குனிவாள்.

கடைசி வருடங்களில் தீனிக்கு மட்டும் ஒரு நாளைக்கு 150 ரூபாய். வருடத்துக்கு 50,000-க்கு மேல். மகன் மீன் கம்பெனியில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர், இவர் நாற்றங்காலில் கூலிக்குப் பதியன் போடுகிறவர். "வித்துரலாம்னு எத்தனையோ பேரு வந்தாக. உழைச்ச புள்ளைய வயசானதும் தள்ளிவிட்டா நான் யாரு?" என்றார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எத்தனையோ ஊர்களில் வண்டிக்கும் சவாரிக்கும் வைத்திருந்த குதிரையைக் கால் போனதும் ரோட்டில் விட்டுவிடுகிறார்கள், அது குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று சாகிறது. அப்படிச் செய்கிறவர்களை ஏழ்மை என்று சொல்லி மன்னிக்க என்னால் முடியாது. பாய் மாமாவிடமும் பணம் இருந்ததில்லை.

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது, தெற்கே காயல் துறைமுகம் அதற்குப் பேர்போனது. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்ட ராஜாக்கள் வருடத்துக்கு ஆளுக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது, பார்த்துக்கொள்ளத் தெரியாததால் செத்துப்போகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார். பாய் மாமா பவளத்தை 1999 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு வயசுக் குட்டியாக வாங்கினார். முப்பது வயதை நெருங்கும்வரை வைத்திருந்தார்.

அவள் போன விதத்தையும் சொன்னார். மார்கழிப் பனியில் ஒரு நாள் விடியற்காலை படுத்தவள் எழவில்லை. தெருக்காரர்கள் ஏழு பேர் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அன்று முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள். மறுநாள் தூக்கவேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். தலையை மடியில் வைத்துக்கொண்டு கருப்பட்டித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் தடவினார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மூச்சு அடங்கியது.

புதைக்கக் கொட்டகைக்குப் பின்னால் தோண்டினால் நாலடியில் தண்ணீர் ஊறியது. தீவில் பல இடத்திலும் அப்படித்தான். கடைசியில் பனங்காட்டு மேட்டில் ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். ஜேசிபி ஓட்டிய பையன் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டானாம். அந்த மேட்டுக்குப் போனேன். மணல் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அழுதேன், வெகுநேரம்.

திரும்பி வந்ததும் பையிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். 2001-ல் அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. பவளத்தின் பக்கத்தில் நான், ரெட்டைச் சடை, கையில் பனங்கிழங்கு. பெரிதாகப் பிரிண்ட் போட்டு 120 ரூபாய்க்குச் சட்டம் மாட்டியிருந்தேன். அவர் பவளத்தின் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த மாசம் எடுத்தது?"

"தை மாமா. தை அமாவாசை."

"இடது முன்னங்கால நீட்டி நிக்கிது பாரும்மா. பின்னங்கால மாத்தி வச்சு நின்னா அது சும்மா. முன்னங்கால இப்புடி நீட்டுனா வலிக்கிதுன்னு அர்த்தம். லாடம் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு." விரலால் கண்ணாடியின் மேல் அந்தக் குளம்பைத் தடவினார். "அன்னைக்கி உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு ராமர் பாதம் வரைக்கும் போச்சு. நான் பாக்காம விட்டுட்டேனே."

உள்ளே திரும்பி, "ஏத்தா, அந்த லாடம் அடிக்கிற ஆளு அந்த வருசம் வந்தானா வரலையா?" என்று மகளைக் கேட்டார்.