கேபினில் இருந்த வரலாறு

நகரத்தின் பழைய தியேட்டர் என்றாலே முகப்பையும் பால்கனிப் படிகளையும்தான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே ஆபரேட்டராக வேலை பார்த்த எனக்கு, அதன் வரலாறு மொத்தமும் படம் ஓட்டும் மாடிக் கேபினுக்குள்தான் இருந்தது.

முதல் நாள் மேலே ஏறியதும் கண்ணில் பட்டவை, ஒளி வெளியே போகும் சதுரத் திறப்புகளுக்கு மேலே தொங்கிய இரும்புத் தகடுகள். மூத்த ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன்.

"இது எதுக்கு அண்ணே?"

"அந்தக் காலத்து பிலிம் பத்திக்கிட்டா ஹாலுக்குள்ள தீ போகக் கூடாதுல்ல தம்பி."

அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்டால் ஆனது, அது எரிய வெளிக்காற்று வேண்டாம். பற்றிவிட்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தகடுகளைத் தாங்கும் கம்பியில் சூட்டுக்கு உருகும் ஒரு துண்டு உண்டு. அது உருகினால் தகடுகள் தாமே விழுந்து மூடிக்கொள்ளும். 1950களில் எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்துவிட்டது. தகடுகளைக் கழற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கூரையில் ஒரு புகைக்குழாய். அது கார்பன் விளக்கு எரிந்த காலத்தைச் சேர்ந்தது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும் வெளிச்சம்தான் திரைக்குப் போகும். குச்சிகள் தேயத் தேய இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அசந்தால் திரை மங்கிவிடும். நான் சேர்ந்தபோது செனான் வாயு அடைத்த விளக்கு வந்துவிட்டது. கார்பன் புகையை நான் சுவாசித்ததில்லை, அண்ணனின் இருமலில் கேட்டதோடு சரி.

எனக்கு வாய்த்தது ரீல் மாற்றும் வேலை. 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும். அது முடியும் முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். அப்போது அடுத்த ரீல் மாட்டிய பக்கத்து மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி. அப்போது ஒளியையும் ஒலியையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நிற்பது நான்கே பிரேம் (பிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம்), அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. ஒருமுறை தும்மினேன், போச்சு. வெறும் வெள்ளைத் திரை, கீழே ஒரே விசில். அண்ணன் திட்டவில்லை. அடுத்த ரீலுக்கு என் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அறுந்த பிலிமை ஒட்டினால் முதலில் படம் துள்ளும், முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்து ஒலி துள்ளும். ஒலியைப் படிக்கும் பகுதி லென்ஸைத் தாண்டி 20 பிரேம் தள்ளி இருப்பதே காரணம். அந்த இடைவெளியை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு எங்கே ஒட்டு என்று சொல்லிவிடுவோம். இப்போது யாருக்கும் பயன்படாத திறமை.

அப்புறம் டிஜிட்டல் வந்தது. படம் ஹார்ட் டிஸ்க்கில். அதைத் திறக்கும் சாவியும் ஒரு கோப்புதான். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இந்த சர்வரில் மட்டும் என்று பூட்டியிருப்பார்கள். ஒரு காலைக் காட்சிக்குச் சாவி வந்து சேரவில்லை. மெஷின் நன்றாக இருக்கிறது, படமும் இருக்கிறது, ஹால் நிறைய ஆட்கள். ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். பிலிம் அறுந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் ஒட்டியிருப்பேன்.

புது புரொஜக்டரிலும் செனான் விளக்குதான்; சூட்டுக் காற்றை வெளியே தள்ள வழி வேண்டும். பொருத்த வந்தவர்கள் புதிதாகத் துளை போட அளவெடுத்தார்கள். நான் கூரையைக் காட்டினேன். கார்பன் புகை போன குழாயிலேயே இணைத்துவிட்டுப் போனார்கள்.